தலைக்காசு

எஸ்.பி.எம். முடிவு வெளிவந்தால் கோலசிலாங்கூர் மின்கம்பங்களுக்கு ஓய்வில்லை. வட்டிக்குப் பணம் தருகிறவனின் தொலைபேசி எண் ஒட்டியிருந்த இடத்திலேயே, அதன் முகத்தின் மேலேயே, 'வெளிநாட்டில் பட்டப்படிப்பு' வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டாமவரிடம் போனவர்கள் முதலாமவரிடமும் போக வேண்டிவரும் என்பதால் இடம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. புக்கிட் ரோத்தானிலிருந்து ஈஜோக் வரை, பெஸ்தாரி ஜெயாவிலிருந்து தஞ்சோங் காராங் வரை, பட்டமளிப்புத் தொப்பி அணிந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். கீழே ஒரு வரி: 'குறைந்த புள்ளியா? கவலை வேண்டாம்.' இந்த வட்டாரத்தில் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்கிற ஒரே ஆள் இந்த விளம்பரத்தை ஒட்டிய ஏஜெண்டுதான். நிறையப் புள்ளி எடுத்த பிள்ளையைக் கவலைப்பட வைப்பதற்கு அரசாங்கம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் 'கல்விக் கருத்தரங்கு' நடக்கும். நாற்காலி வாடகை, ஒலிபெருக்கி, பசியாற இட்லி, தே தாரேக் எல்லாம் ஏஜெண்டு செலவு. வெயில் ஏற ஏற மண்டபம் வேகும். அவர் மட்டும் கோட்டைக் கழற்ற மாட்டார். "நீங்க பட்ட பாட்ட உங்க பிள்ளையும் படணுமா?" என்று தொடங்குவார். முன்வரிசையில் ஓர் அம்மா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். செம்பனைக் குலை வெட்டி வெட்டி உள்ளங்கை காய்த்துப்போன அப்பா ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "தம்பி, உங்களுக்கு நாங்க எவ்வளவு குடுக்கணும்?" "ஒரு காசு வேணாம்ணே. எங்க சேவை முழுக்க ஃப்ரீ." கைதட்டல் எழும்.

அவர் சொல்வது பொய்யில்லை, அதுதான் கொடுமை. அவருக்குக் காசு கொடுப்பது அப்பா இல்லை, கடலுக்கு அப்பால் உள்ள பல்கலைக்கழகம். பிள்ளை சேர்ந்த முதலாண்டுக் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு என்று தலைக்கு ஒரு தொகை. எந்தப் பல்கலைக்கழகம் பிள்ளைக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு அவர் கையில் வைத்திருக்கும் விடை, எந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கூடுதலாகத் தரும் என்பதைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். அந்தக் காசும் கடைசியில் அப்பா கட்டப்போகிற கட்டணத்திலிருந்துதான் வெட்டி எடுக்கப்படுகிறது. இட்லிக்கும் சேர்த்து.

இந்த வியாபாரம் நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? 1910இல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தியபின் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துத் தந்தவர் கங்காணி. தோட்டத்திலிருந்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சொந்தக் கிராமத்துக்கே போய் இறங்குவார். புதுக் குடை, சரிகைத் துண்டு, மோதிரம். பஞ்சத்தில் காய்ந்த திண்ணைகளில் உட்கார்ந்து மலாயாவின் மகிமை பேசுவார். வழிச்செலவுக்கு அவரே முன்பணம் தருவதும் உண்டு. அது கடனாக ஏறி நிற்கும். ஆள் வந்து சேர்ந்தபின், அந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தோட்டம் சில காசு கொடுக்கும். அதற்குப் பெயர் தலைக்காசு. 1938இல் இந்திய அரசு கூலி ஆட்கள் குடியேற்றத்தைத் தடை செய்ததோடு இந்த முறை ஒழிந்துவிட்டதாக வரலாற்றுப் பாடநூல் சொல்கிறது. அந்தப் பாடத்தில் ஏ எடுத்த பிள்ளைதான் இன்று கோயில் மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறது. அன்றைய கங்காணிக்கு ஒரு நியாயம் இருந்தது: கூட்டிவந்த ஆட்களோடு அதே தோட்டத்தில் அவரும் வந்து குந்தினார். இவர் விமான நிலையத்தில் படம் எடுத்து முகநூலில் போட்டதோடு சரி.

ஏஜெண்டைத் திட்டுவது சுலபம். அவர் கதவைத் தட்டும்போது பிள்ளை ஏன் திறக்கிறாள் என்பதைக் கேட்டால்தான் பெரியவர்களுக்கு வேர்க்கும். எஸ்.பி.எம். முடிந்ததும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டில் கொண்டுசேர்க்கும் குறுக்குவழி மெட்ரிகுலேஷன். அதில் பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு. சீனர், இந்தியர், மற்றவர் எல்லாருக்கும் சேர்த்து 10. 2019இல் எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரவை தாராளம் காட்டியது: இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியது. 90க்கு 10 என்ற விகிதத்தை மட்டும் விக்கிரகம்போல் தொடாமல் வைத்தது. மெட்ரிகுலேஷன் கிடைக்காதவர் எஸ்.டி.பி.எம். எழுதலாம். ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை, நாட்டிலேயே கடினம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிற தேர்வு. இரண்டு தேர்விலும் எடுத்த புள்ளியை ஒரே மேசையில் வைத்து நிறுத்துப் பார்த்து, 2002 முதல் இதைத் தகுதி அடிப்படை என்கிறார்கள். முழுப் புள்ளி எடுத்தும் மருத்துவம் கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை பத்திரிகையில் அழுவது ஆண்டுதோறும் வருகிற செய்தி. ஆசிரியர் குழுவினர் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

2024 ஜூன் 30 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஒரு நல்ல செய்தி சொன்னார். எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்த எவருக்கும், எந்த இனமானாலும், மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி. கைதட்டினோம். நானும்தான். தட்டிய கையோடு விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அறிவியல் பிரிவில் படிக்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பதுதான் வருகிறது. பத்தாவதற்கு அவள் எங்கே போவாள்? தமிழுக்குத்தான். இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமானால் 15 பெற்றோராவது கேட்க வேண்டும். கேட்டாலும் தமிழாசிரியர் இருக்க வேண்டும். இருந்தாலும் கால அட்டவணையில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி விட்டபின் வகுப்பு, அந்த நேரத்துக்குத் தோட்டத்துப் பக்கம் போகிற பேருந்து கிடையாது. ஒன்பது பாடம் எடுத்து ஒன்பதிலும் ஏ வாங்கியவள், படித்த எல்லாவற்றிலும் ஏ வாங்கியவள், உத்தரவாதத்துக்கு ஓர் ஏ குறைந்தவள். அவளுடைய தாய்மொழிக்கு இந்த நாடு கொடுத்த மிகப் பெரிய மரியாதை இதுவாகத்தான் இருக்கும்: அவள் தலைவிதியையே அதன் கையில் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லித்தர ஆள் அனுப்ப மறந்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்களை இந்த மண் எப்போதும் இப்படித்தான் நடத்துகிறது என்று சொல்லிவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சுமத்ரா வழியாக வந்த ஒருவரை 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். நிலம், நீர், உரம், முதலீடு, ஆராய்ச்சி நிலையம் எல்லாம் கொடுத்தார்கள். நூறாண்டு தாண்டியும் உபகாரச் சம்பளம் நிற்கவில்லை. அவர் பெயர் செம்பனை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். நட்ட துரை ஹென்றி ஃபொகோன்யே பிரெஞ்சுக்காரர். இங்கே வாழ்ந்த வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கொன்கூரை வாங்கினார். மரம் வளர்ந்தது, துரை பரிசு வாங்கினார், எண்ணெய் இன்றைக்கும் விசா இல்லாமல், ஆங்கிலத் தேர்வு எழுதாமல் ஐரோப்பாவுக்குப் போகிறது. அந்த மரத்தடியில் பிறந்த பிள்ளைதான் கடல் தாண்டக் கையில் காசு காட்ட வேண்டியிருக்கிறது. இதே மாவட்டத்தில், அதே செம்பனைக்கு நடுவில், பெஸ்தாரி ஜெயாவில் மாநில அரசின் யுனிசெல் வளாகம் நிற்கிறது. 2025க்குள் 250,000 வெளிநாட்டு மாணவர்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவருவோம் என்று கூட்டரசு இலக்கு வைத்திருந்தது. வருகிறவர்கள் வரட்டும், வயிற்றெரிச்சல் இல்லை. அவர்களை வரவேற்க எழுதிய அந்த அழகான வரவேற்புரையை, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தால் போதும்.

காசுக் கணக்குக்கு வருவோம். லண்டனுக்கு வெளியே படிக்கிற வெளிநாட்டு மாணவருக்கு மாதம் 1,136 பவுண்டு வாழ்க்கைச் செலவு என்று 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு வகுத்தது. ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண்டு. நம் வெள்ளியில் அப்போது ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல். இங்கே 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அம்மா சாப்பிடாமல், வாடகை தராமல், நோய்வாய்ப்படாமல் ஏறத்தாழ மூன்று ஆண்டு உழைத்தால் மகளின் ஒன்பது மாதச் சாப்பாடு. படிப்புக் கட்டணம் இதில் சேராது; அது பல இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டும். மருத்துவச் சேவைக்கென்று விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களிடம் வங்கிக் கணக்கை முதலிலேயே காட்டச் சொல்ல மாட்டார்கள், நம்பிக்கையான நாடாம். ஏஜெண்டு இதை ஒரு சலுகைபோல் சொல்லிச் சிரிப்பார். காட்டத்தான் வேண்டாம், பணம் இருந்தே ஆக வேண்டும் என்பதை மெதுவாகச் சொல்வார். ஆஸ்திரேலியா இன்னும் தெளிவு: மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600ஆனது, மறு ஜூலையில் 2,000. விசா மறுத்தாலும் காசு திரும்பாது. கதவைத் தட்டுவதற்கே வாடகை.

இந்தத் தொகை எங்கிருந்து வரும்? பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும். மாரா கடன் நமக்கு இல்லை. அப்பாவின் இ.பி.எப்.பில் கல்விக்கென்று எடுக்கலாம். முப்பது வருடம் குலை வெட்டியவரின் கிழப்பருவம் அதில் இருக்கிறது. அம்மாவின் தாலிக்கொடி பஜாக் கடைக்குப் போகும். கூட்டு கட்டி முதல் சீட்டை எடுப்பார்கள். பிறகு அந்த மின்கம்பத்து எண்.

இத்தனையும் பெரும்பாலும் ஒரே ஒரு படிப்புக்காக. நம் சமூகத்தில் பிள்ளைகள் இரண்டு வகை: டாக்டருக்குப் படிக்கிறவர்கள், ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று கல்யாண வீட்டில் விளக்கம் சொல்கிறவர்கள். சபாக் பெர்ணமில் அரசாங்க பாலிடெக்னிக் இருக்கிறது. தவணைக்குச் சில நூறு வெள்ளிதான். அங்கே மகன் படிக்கிறான் என்று சொல்ல நம் அப்பாக்களுக்கு வாய் கூசுகிறது. உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரியாத ஊரில் மருத்துவம் படிக்கிறான் என்றால் மட்டும் நெஞ்சு நிமிர்கிறது. இந்த இடத்தில் ஏஜெண்டைவிட நம்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். 2005இல் கிரைமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை மலேசியா விலக்கிக்கொண்டபோது, கலங்கிப்போன குடும்பங்களில் நம்முடையவை பல. 1971 மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகாரம் பெற்ற பட்டங்களின் பட்டியல் இருக்கிறது. எந்தப் பெற்றோரும் பார்க்கலாம். கருத்தரங்கு மேசையில் வண்ண வண்ணமாக எத்தனையோ தாள் கிடக்கும், அது மட்டும் கிடக்காது. அப்படியே ஒழுங்கான பட்டத்தோடு திரும்பி வந்தாலும், 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்களுக்கு ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலை 26 அன்று, கோவிட் உச்சத்தில், அந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைக்கு வெளியே வந்து நின்றார்கள். நோயாளியின் மூச்சுக் குழாயைப் பிடித்திருந்த கைக்கு நிரந்தர வேலை கேட்டு. 'ஒப்பந்தம்' என்பது நம் குடும்பங்களில் நாலு தலைமுறைக்கு முந்தைய சங்கதி என்று நினைத்திருந்தோம். டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு அது திரும்பி வந்திருக்கிறது.

தலைவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது அநியாயம். அவர்கள் ஓயாமல் செய்கிறார்கள். பத்தடி நீளத்துக்கு அட்டையில் காசோலை செய்கிறார்கள். அதில் உள்ள எண்ணைவிட அட்டைக்குச் செலவு அதிகமோ என்று சில சமயம் தோன்றும். பொன்னாடை போர்த்துகிறார்கள். பிள்ளையின் சான்றிதழைத் தாங்கள் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். 1984இல் சமூகத்தின் முதலீட்டு நிறுவனம் மைக்கா என்று சொல்லித் தோட்டத்து ஜனங்கள் நகையை விற்றும் கடன் வாங்கியும் பங்கு வாங்கினார்கள். ஒரு வெள்ளிப் பங்குக்கு 2010இல் எண்பது காசு வந்தது. இருபத்தாறு ஆண்டு காத்திருந்ததற்கு இருபது காசு நட்டம். சமூகத்தின் சொந்தப் பல்கலைக்கழகம் என்று 2001இல் கெடாவில் எய்ம்ஸ்ட் வந்தது. சொந்தம்தான், கட்டணம் மட்டும் தனியார் கட்டணம். இந்தியர் மேம்பாட்டுக்கென்று மித்ரா வந்தது. 2021இல் அதன் பணம் போன வழி தெரியாமல் ஊழல் தடுப்பு ஆணையம் பலரைக் கைது செய்து விசாரித்தது. ஈஜோக் மக்களுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. 2007 ஏப்ரலில் சட்டமன்ற உறுப்பினர் இறந்து இடைத்தேர்தல் வந்தபோது, அதுவரை இந்தச் சாலைகளின் பெயரே தெரியாத அமைச்சர்களெல்லாம் வீடு வீடாகப் பசியாறினார்கள். எண்ணி முடித்த மறுநாள் ஒட்டுக்கடை பழையபடி காலி.

இதில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களை விட்டுவைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஓட்டாண்டியாக நின்ற பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துத் தந்த சரக்குகளில் முதல் வரிசையில் நின்றது மலாயா ரப்பர். தோட்டங்களில் விடியுமுன் மெழுகுத்திரி வெளிச்சத்தில் அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பகுதி யார் என்று சொல்லத் தேவையில்லை. 1980இல் தாட்சர் அரசு வெளிநாட்டு மாணவர்கள் முழுச் செலவையும் கட்ட வேண்டும் என்றது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் மறு ஆண்டு மகாதீர், பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்று அறிவித்தார். கோபம் ஆறியது, கட்டணம் ஆறவில்லை. 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்துப் பிள்ளைக்குக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு அதைப்போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும். அங்கே நட்டத்தில் ஓடும் துறைகளை இந்த அதிகப்படிக் காசுதான் இழுத்துக்கொண்டு போகிறது. எண்பது ஆண்டுக்கு முன் பாட்டி செய்த அதே வேலை, இப்போது பேத்தி காசு கட்டிச் செய்கிறாள்.

2026 சேர்க்கையிலிருந்து பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்களிடம் அங்குள்ள பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் மூன்று கேள்வி கேட்கிறது. இந்தப் படிப்பு ஏன், படித்தது எப்படி உங்களைத் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். ஏஜெண்டுகளிடம் இதற்குத் தயார் பதில் உண்டு. சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை என்று தொடங்கும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஆசை. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை உள்ளதை எழுத உட்கார்ந்தால் இப்படி வரலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று. இதே படிப்பு என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நான் ஒன்பது பாடம் எடுத்தேன், ஒன்பதிலும் ஏ. ஆகவே உங்கள் நாட்டுக்கு வருகிறேன். மழையும் குளிரும் பிடித்ததால் அல்ல.

இரண்டு. 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது ஒரு கோரிக்கை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் அரசு பட்டாளத்தை அனுப்பியது, சுட்டது. சைக்கிள் விஷயம் முடிந்துவிட்டது. இரண்டாவது கோரிக்கை தொடர்பாகத்தான் இப்போது எழுதுகிறேன்.

மூன்று. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு போய் உதிரிப் பழம் பொறுக்கினேன். முள் குத்தும். மூட்டைக்கு இத்தனை காசு என்று தருவார்கள். பூட்டிக்கு ரப்பர் காலத்தில் கொடுத்தது இதைவிடக் குறைவு என்று பாட்டி சொல்வார். மிச்சம் உங்கள் பக்கம் வந்தது. அதை வட்டியோடு கூட்டி, என் மூன்றாண்டுக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை எந்தக் கணக்கில் போடுவீர்கள் என்று தெரியப்படுத்தவும். ஏஜெண்டு வழியாக அனுப்ப வேண்டாம்.